கான்ட்ராக்ட் ஃபார் டீட்: பேங்க் இல்லாமல் வீட்டை நாமே தவணைக்கு விற்கலாமா?

2 மார்ச் 2024, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

மினசோட்டாவில் இருக்கிறேன். 11 வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு பேங்க் லோன் கிடைக்கவில்லை. கொஞ்சம் டவுன் பேமென்ட் தந்துவிட்டு, மீதியை வட்டியோடு மாதாமாதம் எனக்கே கட்டுகிறேன் என்கிறார். ஏஜென்ட் கமிஷன் மிச்சம், வட்டியும் வரும், கட்டாவிட்டால் வீடு நம்மிடமே திரும்பிவிடும். இதில் நஷ்டப்பட என்ன இருக்கிறது? யாராவது செய்திருக்கிறீர்களா?

2 மார்ச் 2024, இரவு

செய்திருக்கிறேன். 2019 ஆகஸ்டில், இதே மினசோட்டாவில். இங்கே பெயர் கான்ட்ராக்ட் ஃபார் டீட். டீட் என்றால் கிரயப் பத்திரம். மிச்சிகன், இண்டியானா பக்கம் லேண்ட் கான்ட்ராக்ட் என்பார்கள். லூசியானாவில் பாண்ட் ஃபார் டீட். சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் கணக்கு இது. விலை 2,40,000 டாலர். கையில் வந்தது 40,000. மீதி 2 லட்சத்துக்கு 6 சதவீத வட்டி, 30 வருஷக் கணக்கில் தவணை. ஆனால் 5 வருஷம் ஆனதும் பாக்கி மொத்தத்தையும் ஒரேயடியாகக் கட்டிவிட வேண்டும். பலூன் என்பது அதுதான். மாதத் தவணை 1,199 டாலர் 10 சென்ட். 2019 செப்டம்பர் 1 முதல் வந்துகொண்டிருக்கிறது, இரண்டு மாதம் தவிர. அந்த இரண்டு மாதக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

"இதில் நஷ்டப்பட என்ன இருக்கிறது" என்று அப்போது நானும் வீட்டில் கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்வதில்லை, சிரிப்பதோடு சரி.

3 மார்ச் 2024

வாங்கியவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். சொந்த லாரி வைத்து ஓட்டுபவர். நல்ல வருமானம். ஆனால் டீசல், டயர், தேய்மானம் எல்லாம் கழித்தால் டாக்ஸ் ரிட்டர்னில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சாது. சொந்தத் தொழில்காரரிடம் பேங்க் பார்ப்பது அந்த ரிட்டர்னைத்தான். கடன் அடைக்க முடியாதவர் வேறு, அடைக்க முடியும் என்று பேப்பரில் காட்ட முடியாதவர் வேறு. இவர் இரண்டாவது ரகம். உங்களைக் கேட்பவர் எந்த ரகம் என்பதை முதலில் பாருங்கள் தம்பி. இரண்டு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். தெரிந்தவர் என்று கூச்சப்படாதீர்கள்.

3 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். என்னவோ பெரிய ஆய்வு செய்து விற்றவன் மாதிரி இருக்கிறது. உண்மையில் நான் பார்த்தது ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஒரு சுற்று பேச்சு, அவ்வளவுதான். புத்தி பிறகு வந்தது.

5 மார்ச் 2024

வீடு யாருடையது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். சட்டப்படி டைட்டில், அதாவது உரிமை, விற்பவர் பெயரிலேயே இருக்கும். கடைசித் தவணை கட்டிய பிறகே டீட் எழுதிக் கொடுப்போம். ஆனால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து வீட்டை ஆள்பவர், வரி கட்டுபவர், ரிப்பேர் பார்ப்பவர் எல்லாம் வாங்கியவர். பேர் நம்முடையது, வீடு அவருடையது. வாடகை இல்லை. ஊரில் ஒத்திக்கு விடுவார்களே, அதுவும் இல்லை.

இது எனக்கே உறைக்க ஐந்து மாதம் ஆயிற்று. 2020 ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவருடைய மனைவி போன் செய்தார். ஃபர்னஸ் ஓடவில்லை, வீடு ஜில்லென்று கிடக்கிறது, என்ன செய்ய. நான் அரைத்தூக்கத்தில் எழுந்து, பழைய ஃபர்னஸ்காரரின் நம்பரைத் தேடி, ஆளை எப்போது அனுப்பட்டும் என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம்தான் பொறி தட்டியது. "இதை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும்மா, வீட்டுக்காரர் நீங்கள்தான்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஃபர்னஸ்காரரின் நம்பரை மட்டும் கொடுத்தேன். ஃபில்டர் எந்த சைஸ் என்றும் சொன்னேன், 16க்கு 25.

இன்ஷூரன்ஸில் அதைவிடப் பெரிய தப்பு. விற்ற பிறகும் மூன்று மாதம் என் பழைய ஹோம்ஓனர்ஸ் பாலிசியையே கட்டிக்கொண்டிருந்தேன். நவம்பரில் வேறு எதற்கோ பேசும்போது ஏஜென்ட், "நீங்கள் அங்கே குடியில்லை என்றால் இந்த பாலிசியில் கிளெய்ம் நிற்காதே" என்றார். அந்த மூன்று மாதத்தில் தீப்பிடித்திருந்தால் இரண்டு பக்கமும் அம்போ. வாங்கியவர் தன் பெயரில் பாலிசி எடுக்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவராக உங்கள் பெயர் ஏற வேண்டும். க்ளோஸிங் (கையெழுத்துப் போட்டு விற்பனையை முடிக்கும் நாள்) அன்றைக்கே அந்தக் காகிதத்தைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

6 மார்ச் 2024

தம்பி, அப்படியானால் முதல் கேள்வியே நான் கேட்க மறந்தது. உங்கள் வீட்டின் மேல் மார்ட்கேஜ் இன்னும் 1,30,000 இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். என் வீட்டில் கடன் இல்லை, அதனால் எனக்குத் தோன்றவேயில்லை.

நில்லுங்கள். உங்கள் மார்ட்கேஜ் பத்திரத்தில் டியூ ஆன் சேல் என்று ஒரு பிரிவு இருக்கும். பேங்க் சம்மதம் இல்லாமல் வீட்டில் உரிமையைக் கை மாற்றினால் மொத்தக் கடனையும் உடனே கேட்க அதற்கு உரிமை உண்டு. 1982ல் வந்த கார்ன் செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் அந்தப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பலம் கொடுத்தது. டீட் எழுதிக் கொடுக்கவில்லையே என்று வாதாட முடியாது. தவணை விற்பனை ஒப்பந்தமும் அதில் அடங்கும்.

"பேங்க் எங்கே கவனிக்கப் போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாதாமாதம் பணம் வந்தால் கவனிக்காமல் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன இன்ஷூரன்ஸை மாற்றுகிறீர்களே, அந்தக் கடிதம் பேங்குக்கும் போகும். ஒழுங்காகச் செய்தால் மாட்டுவீர்கள், ஒழுங்கில்லாமல் செய்தால் தீ விபத்தில் மாட்டுவீர்கள். எது வசதி?

வாங்குபவர் பக்கமும் யோசியுங்கள். அவர் உங்களுக்குக் கட்டுகிறார், நீங்கள் பேங்குக்குக் கட்டாமல் விட்டால் அவர் கட்டிய பணத்தோடு வீடு போய்விடும்.

6 மார்ச் 2024, இரவு

3 சதவீத மார்ட்கேஜை விட மனசு வரவில்லை என்கிறீர்கள். புரிகிறது. 2021 ஜனவரியில் 30 வருஷக் கடன் சராசரி 2.65 வரை இறங்கியது, போன அக்டோபரில் 7.79. பேங்கிடம் எழுத்தில் சம்மதம் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

17 மார்ச் 2024

சரி, அந்த இரண்டு மாதம்.

2020 ஏப்ரல் 1, பணம் வரவில்லை. சரக்கு ஓட்டம் நின்ற நேரம். மே 1, அப்போதும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. நான் ஒப்பந்தம் எழுதிய வக்கீலிடம் போனேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: கேன்சலேஷன் நோட்டீஸ் கொடுக்கலாம், 60 நாள் கெடு. அதற்குள் நிலுவை, இடையில் விழும் தவணை, நிலுவையில் 2 சதவீதம், செலவு எல்லாம் கட்டினால் ஒப்பந்தம் பிழைக்கும். இல்லாவிட்டால் முடிந்தது. கோர்ட் வேண்டாம், ஏலம் வேண்டாம். கட்டியதில் ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். வாங்கியவர் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கினால்தான் உண்டு.

நோட்டீஸ் தயாரானது. சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அவர் விட்டது 2,398 டாலர் 20 சென்ட். அதுவரை கொடுத்தது டவுன் பேமென்ட் 40,000, ஏழு தவணையில் 8,393 டாலர் 70 சென்ட். 2,400 டாலருக்காக 48,000 சொச்சம் எனக்கு வந்துவிடும், வீட்டோடு. தம்பி கேட்டாரே, "கட்டாவிட்டால் வீடு திரும்பிவிடும்" என்று. அதன் முழு அர்த்தம் இதுதான்.

நோட்டீஸைக் கையில் சேர்க்க ஆள் அனுப்புவதற்கு முன் ஒருமுறை நேரில் போனேன். செவ்வாய்க்கிழமை நடுப்பகல், லாரி வாசலிலேயே நின்றது. ஓட்டம் இல்லை. கதவைத் திறந்தார். ஹாலில் என் காலத்து கார்ப்பெட்டைப் பிய்த்துப் போட்டு, பாதி தரைக்குப் பலகை பதித்திருந்தார். மீதிப் பாதியில் பழைய ஆணிகள், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒட்டிய பசை, சுவரோரம் அடுக்கிய பலகைக் கட்டுகள். முட்டி போட்டு வேலை செய்த ஜீன்ஸோடு நின்றார். "போனை எடுக்க வெட்கமாக இருந்தது" என்றார்.

காகிதம் காரில் கிளவ் பாக்ஸிலேயே கிடந்தது. இரண்டு தவணையையும் ஆகஸ்டுக்குள் பிரித்துக் கட்டச் சொன்னேன், எழுத்தில் வாங்கிக்கொண்டேன். கட்டிவிட்டார்.

18 மார்ச் 2024

"பெரிய மனசு" என்று பாராட்டியவர்களுக்கு: முழுக்க அப்படி இல்லை. திரும்பி வரும் போது நான் நினைத்தது அந்தப் பாதித் தரையைத்தான். வீட்டை எடுத்தால் அதை நான் முடிக்க வேண்டும். மே 15ல் சொத்துவரி முதல் பாதி விழும், அதுவும் என் தலையில். கொரோனாவில் யாரிடம் மறுபடி விற்பது? பேங்காக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, வீடு எனக்கு வேண்டாம். அந்த இரண்டு எண்ணமும் கலந்துதான் கிளவ் பாக்ஸைத் திறக்கவில்லை. எது எத்தனை பங்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

19 மார்ச் 2024

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தானே, கட்டாதவன் இழக்கத்தான் வேண்டும்" என்று எழுதிய அண்ணனுக்கு.

சிகாகோவில் இது பெரிய கொள்ளையாகவே நடந்திருக்கிறது. 1934ல் தொடங்கிய ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் கறுப்பினத்தவர் பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. பேங்க் கதவு மூடியதும் வேறு வழியில்லாமல் 1950களிலும் 60களிலும் அவர்கள் தவணை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். இடைத்தரகர்கள் வெள்ளைக்காரர்களிடம் மலிவாக வாங்கி, இவர்களுக்கு ஏகத்துக்கு விலை ஏற்றி விற்றார்கள். ஒரு தவணை தவறினால் வெளியே. அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பார்கள். 1968ல் லான்டேல் பகுதியில் காண்ட்ராக்ட் பையர்ஸ் லீக் என்று சங்கம் சேர்ந்து, தவணையை நிறுத்திவைத்துப் போராடினார்கள்.

இண்டியானாவில் 1973ல் ஸ்கென்ட்ஸெல் எதிர் மார்ஷல் வழக்கு. விலை 36,000 டாலர், அதில் 21,000 கட்டியாகிவிட்டது, அதன் பிறகு தவறியது. கட்டியதும் போச்சு, வீடும் போச்சு என்று விடுவது அநியாயம், மார்ட்கேஜ் போல ஏலத்துக்குப் போகட்டும் என்றது மாநில உச்ச நீதிமன்றம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இதனால்தான். அங்கே ஒரு மாதிரி, மினசோட்டாவில் 60 நாள்.

என்னைச் சங்கடப்படுத்துவது ஒன்று: என் ஒப்பந்தத்தில் இருந்த பறிமுதல் பிரிவும் அதே ஜாதிதான். டெம்ப்ளேட்டில் இருந்தது, கையெழுத்துப் போட்டோம். நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை.

14 ஏப்ரல் 2024

நாளை டாக்ஸ் கெடு, அதனால் சுருக்கமாக. வரும் வட்டி முழுக்க சாதாரண வருமானம். டாக்ஸ் ரிட்டர்னில் ஷெட்யூல் பி என்ற தாளில் வாங்கியவரின் பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் மூன்றும் போட வேண்டும். நான் முதல் வருஷம் நம்பர் கேட்க மறந்து ஏப்ரலில் அலைந்தேன். அவர் போன் எடுக்காத ஏப்ரல்தான் அது. க்ளோஸிங்கிலேயே டபிள்யூ 9 (அந்த நம்பரை எழுதிக் கொடுக்கும் படிவம்) வாங்கிவிடுங்கள்.

விலை லாபத்துக்கு, விற்கும் முன் 5 வருஷத்தில் 2 வருஷம் குடியிருந்திருந்தால் தனி ஆளுக்கு 2,50,000, தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை வரி இல்லை. எனக்கு அதிலேயே அடங்கிவிட்டது. அதற்கு மேல் போனால் 6252 படிவத்தில் வருஷா வருஷம் பிரித்துக் காட்டலாம்.

வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றால் கவனம். தேய்மானம் கழித்திருப்பீர்களே, அந்த அளவு லாபத்துக்கு 25 சதவீதம் வரை வரி விழும், தவணையில் வரும் லாபத்தில் முதலில் கணக்காவதும் அதுதான்.

15 ஏப்ரல் 2024

சொந்தக்காரர் என்று வட்டியே இல்லாமல் விற்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: மாட்டாமல் முடியாது. ஐஆர்எஸ் (இங்கத்திய வரித்துறை) மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச வட்டி விகிதம் வெளியிடுகிறது. அதற்குக் கீழே போனால் விலையில் ஒரு பங்கை வட்டி என்று அவர்களே வைத்துக் கணக்கிடுவார்கள்.

2 ஜூன் 2024

விட்டுப்போனவை. ஒப்பந்தத்தை கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவு செய்ய வேண்டும். நான் விற்றபோது இங்கே நாலு மாதக் கெடு, பொறுப்பு வாங்கியவருடையது, தவறினால் கடன் தொகையில் 2 சதவீதம் அபராதம். எங்கள் கணக்கில் 4,000 டாலர். பதிவானால்தான் நான் வேறொருவருக்கு விற்றாலும் என் மேல் யாராவது தீர்ப்பு வாங்கி வந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு.

1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் அறிவிப்பு கட்டாயம். ஏஜென்ட் இல்லாமல் விற்றாலும் கட்டாயம்தான். ஏஜென்ட் கமிஷனை மிச்சம் பிடித்த உற்சாகத்தில் இதை மறப்பவர்கள் உண்டு.

வீட்டுக் கடன் கொடுப்பவர்களுக்கு விதி போடும் டாட் ஃபிராங்க் சட்டம் பற்றிப் பயமுறுத்தியிருந்தார்கள். 12 மாதத்தில் ஒரே ஒரு சொத்தைத் தவணைக்கு விற்கும் தனிநபருக்கு விலக்கு உண்டு. தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறக் கூடாது, வட்டி நிலையாக இருக்க வேண்டும் அல்லது முதல் 5 வருஷம் மாறக் கூடாது. பலூனுக்குத் தடை இல்லை. அதுவே மூன்று சொத்து வரை விற்பவருக்கான விலக்கு என்றால் பலூன் கூடாது.

எங்கள் வக்கீல் செய்த ஒரு நல்ல காரியம்: டீடில் 2019லேயே நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி வைத்து, டைட்டில் கம்பெனியில் (உரிமைப் பத்திரங்களைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் நிறுவனம்) உறையில் வைத்துவிட்டோம். நான் நடுவில் போய்ச் சேர்ந்தால் அவர் என் வாரிசுகளின் பின்னால் அலைய வேண்டாம்.

20 ஜூலை 2024

பலூனுக்கு 12 நாள். அவருக்கு இன்னும் ரீஃபைனான்ஸ் (பேங்கில் புதுக் கடன் வாங்கி என் பாக்கியை அடைப்பது) ஆகவில்லை.

5 வருஷத்தில் அவர் கட்டியது 71,946 டாலர். அதில் வட்டி 58,055. அசலில் குறைந்தது 13,891 மட்டும். ஆகஸ்ட் தவணைக்குப் பின் பாக்கி 1,86,109. எழுதும்போது 5 வருஷம் என்பது எங்கோ இருந்தது. 2019ல் பேங்க் வட்டி 3.6 பக்கம், "அதற்குள் உங்கள் ரிட்டர்ன் சரியாகிவிடும், குறைந்த வட்டிக்கு மாறிவிடுவீர்கள்" என்று நானே அவரிடம் தைரியம் சொன்னேன். 2021ல் மாறியிருக்கலாம், ஆனால் 2020 ரிட்டர்ன் படுத்துக் கிடந்தது. வட்டி இறங்கிய நேரத்தில் அவரால் முடியவில்லை, அவரால் முடிகிற நேரத்தில் வட்டி ஏறிவிட்டது.

மார்ச் 2ல் 'பலூன் என்பது அதுதான்' என்று ஒரு வரியில் தாண்டிப் போனேன். அந்த வரியைத் திருத்துகிறேன். இந்த ஒப்பந்தத்திலேயே அபாயமான வரி அதுதான்.

1 ஆகஸ்ட் 2024

60வது தவணை வந்தது. பலூன் வரவில்லை. மூன்று மாத நீட்டிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் கவுண்டியில் பதிவு செய்தோம். அதே வட்டி, கூடுதல் கட்டணம் இல்லை.

தற்செயலாக, மினசோட்டாவில் புதுச் சட்டமும் இன்று அமலாகிறது. முதலீட்டுக்காக விற்பவர்களுக்கு நிபந்தனைகள் கடுமை, அவர்கள் கேன்சல் செய்ய 90 நாள். அந்த வீட்டில் தொடர்ந்து 12 மாதம் சொந்தமாகக் குடியிருந்து விற்பவர் அந்த வகையில் வரமாட்டார். தம்பி, உங்களுக்குப் பழைய 60தான். அதனால் அண்ணன் மார்ச்சில் கேட்ட கேள்வி உங்கள் மனசாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

26 ஆகஸ்ட் 2024

தம்பி பேங்க் சம்மதம் கேட்டாராம், மறுத்துவிட்டார்களாம். கேட்டவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாராம். சரியாகச் செய்தார்.

3 அக்டோபர் 2024

முடிந்தது. செப்டம்பர் 27ல் க்ளோஸிங். அந்த வாரம் சராசரி வட்டி 6.08 வரை இறங்கியிருந்தது. அவருக்குக் கிடைத்தது 6.5, எனக்குக் கட்டியதைவிட அரை சதவீதம் அதிகம். ஆனால் பலூன் இல்லாத கடன். இரண்டு வருஷ ரிட்டர்னில் லாபம் காட்ட வேண்டும் என்பதற்காகக் கூடுதல் வரி கட்டியிருக்கிறார், அதையும் அன்றைக்குத்தான் சொன்னார். எனக்கு அசல் 1,85,840 டாலரும் அந்த மாத நாள் வட்டியும் வந்தன.

டைட்டில் கம்பெனிப் பெண் உறையைப் பிரித்தார். 2019 தேதி, மனைவியின் கையெழுத்து, என் கையெழுத்து. என் கையெழுத்து இந்த ஐந்து வருஷத்தில் மாறியிருக்கிறது.

ஒரு திருத்தம், கடைசியாக. டீட் வரி என்று ஒன்று உண்டு, 2,40,000க்கு 0.33 சதவீதம், 792 டாலர். அது ஒப்பந்தம் எழுதும்போது இல்லை, டீட் பதிவாகும்போது விழுகிறது. யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் செக் புக்கை எடுத்தேன். எழுதிவிடுங்கள்.